தட்டு ஒன்று, பங்கு இரண்டு

அன்பு மகனுக்கு,

இதனால் பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் பொதுமக்கள் அனைவருக்கும், குறிப்பாக உனக்கும், தெரிவித்துக்கொள்வது யாதெனில்: இன்று காலை செந்துறை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள சலூனில், ஊரே திரண்டு பார்க்க (ஊர் என்றால் சலூன்காரர், அவருடைய ரேடியோ, வாசலில் படுத்திருந்த நாய்), உன் அப்பாவின் முகத்தில் முதன்முதலாகச் சவரக் கத்தி வைக்கப்பட்டது. அறுவடையான விளைச்சலைப் பற்றிச் சலூன்காரர் சொன்ன கருத்தை இங்கே பதிவு செய்ய விரும்பவில்லை. ஆனால் முழுக் கூலி வாங்கிக்கொண்டார். முழுக் கூலி கொடுத்தவன் முழு ஆள். முழு ஆள் அப்பனாகலாம். அப்பன் புத்தி சொல்லலாம்.

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யார் என்பதும் முடிவாகவில்லை. எனக்கு இப்போது பத்தொன்பது வயது. இதைப் படிக்கும்போது உனக்கும் ஏறக்குறைய அந்த வயது இருக்கும். அதற்குள் நான் தொப்பையும் பொறுமையும் வளர்த்துக்கொண்டு, 'மாமா நல்லவர்தாண்டா, அன்னைக்குச் சூழ்நிலை அப்படி' என்று உன்னிடம் சொல்லக்கூடும். அப்படிச் சொல்கிற தொப்பைக்காரனை நம்பாதே. கசப்பு நாக்கில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்றுதான் முந்திக்கொள்கிறேன். நாளைக்குச் சென்னைக்குப் போகிறேன். வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலை. இந்தக் கடிதத்தை ஒட்டப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மாமா படித்தால் ரொம்ப நல்லது.

மாமா என்றால் என் அம்மாவின் ஒரே தம்பி. பெரம்பலூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். அதற்கு முன் அதே இடத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். பாலிடெக்னிக் முடிந்தால் நேராக அங்கேதான் போவேன். அங்கே நான் செய்த சமூக சேவைகள் பல. மவுஸில் இடப்பக்கத்தை வலப்பக்கமாக மாற்றி வைப்பேன். ஜாதகம் பார்க்க வருகிறவரின் திரையில் 'உங்களுக்கு இந்த நாற்காலி ஆகாது, உடனே எழுந்திருக்கவும்' என்று வரவழைப்பேன். ஒருவர் நிஜமாகவே எழுந்து போய்விட்டார். அன்றைக்குத்தான் மாமா என் காதைத் திருகி, "மாப்ள, இந்தச் சேட்டைக்குப் போற மூளையில ஒரு கடையைக் கட்டேன்டா" என்றார்.

கட்டினேன். கடை என்று சொல்வதைவிடச் சந்தை என்று சொல்லலாம். விற்பவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். அரும்பாவூரில் மரத்தில் பிள்ளையார் செதுக்கும் ஓர் அண்ணன், பனை ஓலைப் பெட்டி முடையும் இரண்டு வீடு, எல்லாரையும்விடப் பெரிதாக என் அம்மாவின் மகளிர் குழு. வாங்குகிறவர்கள் சென்னையில், பெங்களூரில், சிங்கப்பூரில். சைட்டில் படத்தைப் பார்த்து, கார்டில் பணம் கட்டினால், பொருள் பார்சலில் போகும். சைட்டின் சொந்தக்காரர் மாமா. நூறு ரூபாய் வந்தால் பத்து அவருக்கு, தொண்ணூறு விற்றவருக்கு என்று பேச்சு. அந்தப் பத்தில் யாருக்கும் மனக்குறை இல்லை. குறையெல்லாம், அந்த நூறு முதலில் யார் வாசலில் வந்து இறங்குகிறது என்பதில்தான். இது அப்போது எனக்குத் தெரியவில்லை. பங்கு பிரிப்பதில் எங்கள் மாவட்டத்துக்கே நல்ல அனுபவம் உண்டு. அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள், திரும்பச் சேர்த்தார்கள், இப்போது மறுபடியும் பிரிக்கப் போகிறார்களாம். அத்தனை பிரிவினையைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

என் அம்மாவின் குழுவைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் செந்துறைப் பக்கம் முந்திரிக் காடு. முந்திரிக் கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பு எடுப்பார்கள். ஓட்டிலிருந்து ஓர் எண்ணெய் கசியும், பட்ட இடம் வெந்துபோகும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைக்க வேண்டும். அப்படியும் விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, சோறு பிசையும்போது எரியும். குழுவுக்கு அம்மாதான் தலைவி. அதுவரை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்களை உட்காரவைத்து, "என் தம்பி கடை, என் மவன் கட்டுன கடை, நான் பொறுப்பு" என்று சொல்லிப் பருப்பை வாங்கியது அம்மா. 'நான் பொறுப்பு.' இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்.

கார்டு பணத்தை வசூலித்துக் கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் போனில் பேசினார். நான் குரலைத் தடிமனாக்கிக்கொண்டு பேசியதால் என்னை சார் என்றார். "சார், ரெண்டு வழி இருக்கு. மொத்தப் பணமும் சைட் ஓனர் அக்கவுண்டுக்கு வந்துரும், அவர் பிரிச்சுக் கொடுத்துக்கலாம். இல்லேன்னா விக்கிறவங்க அக்கவுண்ட் நம்பரைக் கொடுங்க. பணம் வர்ற எடத்துலயே நாங்க பிரிச்சு, அவங்க பங்கை அவங்களுக்கே அனுப்பிருவோம். கட்டணம் கொஞ்சம் கூட ஆகும்." குழுவுக்கு பேங்கில் கணக்கு இருந்தது. அடுத்த நாளே அம்மா மஞ்சள் பையில் பாஸ்புக்கைப் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் பெரம்பலூர் வந்துவிட்டாள். மாமா பையைப் பார்த்தார். சிரித்தார்.

"எக்கா, ஒரே குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு தட்டு?"

அம்மா பாஸ்புக்கை எடுக்கவே இல்லை. பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அதுக்கில்ல தம்பி, ஃபோட்டோவுல எம்மூஞ்சி எப்படி இருக்குன்னு காட்டலாம்னு கொண்டாந்தேன்" என்றாள். நானும் சிரித்தேன். மொத்தமும் மாமா கணக்குக்கு என்று டிக் அடித்தது இந்தக் கைதான்.

அந்தத் தட்டு என்ன என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏழு வயதில், மாமாவின் மகள் அபிக்கு ஒரு வயதில், இருவருக்கும் சேர்த்துக் கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலில் காது குத்தினார்கள். நான் மாமா மடியில் உட்கார்ந்து, தட்டான் விரலைக் கடித்து, புகழ்பெற்றேன். இரண்டு குடும்பம் சேர்ந்து விசேஷம் வைத்தால் மொய் மேசையில் இரண்டு தாம்பாளம் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வருகிறவர் யாருக்காக வந்தாரோ அவர் தட்டில் போடுவார். ஏனென்றால் மொய் என்பது இனாம் இல்லை. நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும். அன்றைக்கு மாமா, "அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவுல என்ன ரெண்டு தட்டு, ஊர் சிரிக்கும்" என்று ஒரே தட்டை வைத்தார். சாயங்காலம் தட்டும் மாமாவும் ஒரே பஸ்ஸில் பெரம்பலூர் போய்விட்டார்கள். பிரித்துக் கொடுக்கிறேன் என்றவர் இன்னும் பிரித்துக்கொண்டே இருக்கிறார். என் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அவருடைய சொந்தக்காரர்களும் லாரிக்காரர்களும் அந்தத் தட்டில் போட்ட மொய்யை, தன் கைக்காசிலிருந்து பல வருஷம் ஒவ்வொரு கல்யாணமாகத் திருப்பிச் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறை சட்டையை மாட்டும்போதும், "இந்தா, உன் தம்பி தின்னதுக்கு நான் போயி கை கழுவிட்டு வரேன்" என்பார்.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் பாஸ்புக்கை எடுத்துவந்தாள். ஆனால் கூடப் பிறந்தவனிடம் தனித் தட்டு கேட்டால், 'உன்னை நம்பவில்லை' என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். பிறந்த வீட்டுக்கு நடக்கிற பாதையில் தன் கையாலேயே முள் வெட்டிப் போட எந்தப் பெண்ணும் சட்டென்று துணிவதில்லை. கெட்டிக்காரர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். அங்கேதான் தட்டை வைப்பார்கள்.

நான் செய்த வேலையையும் சொல்கிறேன். ஒவ்வொரு விற்பவருக்கும் சைட்டில் ஒரு பக்கம் வைத்தேன். ஆர்டர் வந்ததும் நூறைத் தொண்ணூறும் பத்துமாகப் பிரித்து, 'உங்கள் பங்கு' என்று பச்சை எழுத்தில் காட்டும். பங்கு ஏறினால் கைதட்டல் சத்தம் வரும். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து வாராவாரம் அம்மாவிடம் கொடுப்பேன். பெண்கள் அதைச் சாமி படம்போல வாங்கிப் பார்ப்பார்கள். மகனே, திரைதான் பிரிந்தது. பணம் பிரியவில்லை. பணம் முழுசாக, முழு உடம்போடு, மாமாவின் கணக்கில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் படம் வரைந்து கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் பேங்குக்காரர் கொடுத்ததுபோல ஒரு தாளை, குழுத் தலைவியின் மகனே கொடுத்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

முதலில் ஒழுங்காகக் கொடுத்தார். இந்த மாதிரி ஆட்கள் முதலில் ஒழுங்காகத்தான் கொடுப்பார்கள். பிறகு தீபாவளி வந்தது. முந்திரிக்கு ஆர்டர் கொட்டியது. குழுப் பெண்கள் தங்கள் வீட்டுக்குப் பலகாரம் சுடாமல் உடைத்து, தரம் பிரித்து, பொட்டலம் கட்டினார்கள். மாமாவின் பிரவுசிங் சென்டருக்கு ஏசி வந்தது. குழுவுக்குப் பணம் வரவில்லை. கேட்டால், "கம்பெனிக்காரன் இன்னும் விடல." இன்னொரு முறை கேட்டால், "சர்வர் டவுனு." நான் அதை அப்படியே குழுவில் போய்ச் சொன்னேன். குழுவில் சரோஜா அக்கா என்று ஒருவர். நான் வாயைத் திறந்தால் அடக்கக்கூடிய ஒரே ஆள்.

"சர்வர் டவுனுக்குப் போயிருக்காரா? எந்த ஓட்டலு தம்பி?"

"அக்கா, அது கம்ப்யூட்டர் சர்வர்."

"எந்தச் சர்வரா இருந்தா என்ன, எலை போட்டுட்டுப் போனவன் சோறு கொண்டாரலியே." பிரிண்ட் தாளைத் தூக்கிக் காட்டினார். "மாசக்கணக்கா பச்சையாவே இருக்கு. எப்பதான் பழுக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தவர்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தை பிறந்ததும் அம்மா கழுத்துச் செயினைக் கொண்டுபோய் அரியலூரில் அடகு வைத்து, எல்லாருக்கும் கொடுத்து முடித்தாள். "தம்பி அனுப்பிட்டான்" என்று சொல்லிக் கொடுத்தாள். வெறும் கழுத்தோடு உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னாள். சரோஜா அக்கா நோட்டை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.  

போன வாரம் அபிக்கு மஞ்சள் நீராட்டு. பெரம்பலூரில் மண்டபம், வாசலில் வாழைமரம், வீடியோக்காரர். முதல் தண்ணீர் அத்தைதான் ஊற்ற வேண்டும். அபிக்கு இருக்கிற ஒரே அத்தை என் அம்மா. பத்திரிகை கொடுக்க வந்த மாமா, "எக்கா, நீ இல்லாம மணையில உக்கார மாட்டேங்குறா" என்றார். அப்பா உள்ளே எழுந்து போய்விட்டார். "வரேன்" என்றாள் அம்மா. புறப்படும்போது பார்த்தேன். சீர்த்தட்டுகளோடு பரணிலிருந்து ஒரு காலித் தாம்பாளத்தையும் இறக்கிப் புளி போட்டுத் துலக்கிவைத்திருந்தாள். "இது எதுக்கும்மா?" என்றேன். "வேண்டியிருக்கும்" என்றாள்.

அபியின் தலைக்கு மேல் சல்லடை பிடித்து, மஞ்சள் தண்ணீரை முதலில் அம்மாதான் ஊற்றினாள். ஒரு குறையும் வைக்காமல், திருஷ்டி கழித்து, அபியின் கன்னத்தைத் தடவி, வாங்கிவந்த பட்டுப்பாவாடையைக் கொடுத்தாள். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நேராக மொய் மேசைக்கு வந்தாள். அங்கே ஒருவர் எழுத, ஒருவர் மைக்கில் வாசிக்க, மாமா பக்கத்தில் நின்று எல்லாருக்கும் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தக் காலித் தாம்பாளத்தை மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து அதன் நடுவில் வைத்தாள்.

"இது குழுத் தட்டு தம்பி. தீபாவளிக்கு வந்ததுல எங்க பங்கு இருக்கு. இதுல போடு. இல்லேன்னா, தரமாட்டேன்னு அந்த மைக்குல சொல்லிரு. நான் போயிடறேன்."

மைக் திறந்திருந்தது. பாதிப் பேச்சு மண்டபத்துக்கே கேட்டுவிட்டது. மாமா முகம் ஒரு நொடி கறுத்தது, உடனே சிரிப்பு வந்துவிட்டது.

"எக்கா, நல்ல நாளும் அதுவுமா கணக்கா பேசுவாங்க? கம்பெனிக்காரன் இன்னும் பணம் விடல. நான் சொன்னா நம்பமாட்ட. கடையைக் கட்டுனவன் ஒம்மவன்தான, அவனையே கேளு." என் பக்கம் திரும்பினார். "என்ன மாப்ள? பணம் வந்துருச்சா? வரலியா? சொல்லு."

பணம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு முன்பே முழுப் பணமும் மாமா கணக்கில் சேர்ந்ததாகக் கம்பெனியிலிருந்து வந்த மெயிலை என் கண்ணால் பார்த்திருந்தேன். மாமாவுக்கு ஒரு வசனம்கூடத் தயாராக வைத்திருந்தேன்: 'மாமா, உங்க சர்வர் டவுன் இல்ல, நீங்கதான் டவுன்.' சொன்னால் மண்டபம் அதிர்ந்திருக்கும். ஆனால் நான் வாயே திறக்கவில்லை. பெரியவர்கள் நடுவில் மௌனத்தைவிடப் பெரிய அறை கிடையாது. அந்த அறையை அறைந்தேன்.

மாமா தன் தட்டிலிருந்து ஒரு நூறும், ஒரு ரூபாய் நாணயமும் எடுத்துக் குழுத் தட்டில் போட்டார். மைக்கில் வாசித்தவர் பழக்க தோஷத்தில், "பொண்ணோட அப்பா, குழுத் தட்டுக்கு, நூத்தி ஒண்ணு!" என்று முழங்கினார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. அம்மா அந்த நூற்றொன்றை எடுத்து அபியின் கையில் வைத்துவிட்டு, தட்டையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டாள். "எக்கா, ஒரு வாய் சாப்ட்டுப் போ" என்று மாமா பின்னாலேயே வந்தார். "தண்ணி ஊத்த வந்தேன், ஊத்திட்டேன்" என்றாள். கை நனைக்காமல் படியிறங்கினாள். எங்கள் பக்கம் ஒரு வீட்டு விசேஷத்தில் கை நனைக்காமல் போனால், அந்த வீட்டோடு சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம்.

ஆகவே மகனே, உன் அப்பனும் அப்பத்தாவும் மானத்தோடு, பசித்த வயிற்றோடு, அந்த மண்டபத்தை விட்டு வந்தவர்கள். அதை நீ நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லலாம். நீயும் அந்த வீட்டில் கை நனைக்காதே. நாளைக்கு நீ எந்தச் சந்தை கட்டினாலும், பணம் உள்ளே வருகிற வாசலிலேயே பிரித்துவிடு. உள்ளே வந்தபிறகு பிரிக்கிறேன் என்கிறவன் உன் அண்ணனாக இருந்தாலும் சரி, நானாகவே இருந்தாலும் சரி, பாஸ்புக்கைப் பைக்குள் திருப்பி வைக்காதே. குழு இப்போது பழையபடி செந்துறை வியாபாரிக்கே போடுகிறது. அவர் குறைத்துத்தான் கொடுக்கிறார். ஆனால் எடை போட்ட கையோடு கொடுக்கிறார். செயின் இன்னும் அரியலூரில்தான் இருக்கிறது. என் முதல் சம்பளம் அதற்கு. நான் சும்மாவும் இருக்கவில்லை. சைட்டின் முதல் பக்கத்தையே மாற்றி, இரண்டு தாம்பாளம் படம் போட்டுவிட்டேன். உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இங்கேயே கையெழுத்துப் போட்டு முடித்திருக்கலாம். பேனா நகரமாட்டேன் என்கிறது.

உலகம் என்று சொன்னது என்னைத்தான். வருகிறவர்களை எண்ணிக் காட்டும் கட்டம் ஒன்று பக்கத்தின் அடியில் உண்டு. அதில் ஏறிய எண்ணெல்லாம் நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தது.

அந்த மௌனமும் கண்ணியத்தால் வந்ததில்லை. அம்மா அபிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது முதல் பந்தி போட்டார்கள். சேமியா பாயசத்தின் நெய் வாசனை வந்தது. ஒரு வாய்தானே என்று உட்கார்ந்தேன். இரண்டாம் முறையும் பாயசம் வாங்கினேன். கை கழுவிவிட்டு மொய் மேசைக்கு வந்து நின்றபோதுதான் மாமா என்னைக் கேட்டார். 'வந்துருச்சு மாமா' என்று ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, மைக்குக்குக் கேட்காத குரலில், "மொதல்ல வாயைத் தொடச்சுக்க மாப்ள, பாயசம் ஒட்டியிருக்கு" என்றார். திறந்த வாய் மூடிக்கொண்டது. நான் மூடியதைப் பார்த்த பிறகுதான் நூற்றொன்றை எடுத்துப் போட்டார்.

அம்மாவுக்கு அது கேட்டதா என்று தெரியாது. அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மடியில் காலித் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு வந்தாள். டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டினேன். வாங்கியவள் என் விரல்களை விடாமல் ஒரு நொடி பிடித்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

"கையை நல்லாக் கழுவுடா. அப்பாவுக்கு நெய் வாசம் தெரியும்."

இப்படிக்கு,
உன் அப்பாவாக வரப்போகிறவன்